ஈரானிய வீட்டின் கதை – 9: முற்றம் இடம் மாறியது எப்படி?

காஷான் நகரத்து வணிகர் ஹாஜி மெஹ்தி புரூஜெர்தி 1857-இல் தொடங்கிய வீடு கட்டி முடிய 18 ஆண்டுகள் ஆயின. அந்த வீட்டைச் சென்ற அத்தியாயத்தில் அறை அறையாகப் பார்த்தோம். அங்கிருந்து நூறு ஆண்டுகள் தள்ளி, 1950-களின் இறுதியில், டெஹ்ரானின் கிழக்கே புதிதாக எழுந்த நார்மக் குடியிருப்பில் ஓர் அரசு ஊழியரின் வீட்டுக்குள் நுழைந்தால் நாம் கற்றுக்கொண்ட எதுவும் அங்கே பொருந்தாது. தெருவைப் பார்த்த சன்னல்கள், இரும்பு உத்தரங்களுக்கு இடையே செங்கல் வளைவு வைத்த கூரை, வீட்டுக்குள்ளேயே குளியலறை, நடுவில் ஹால், முன்னாலோ பின்னாலோ மதிலை ஒட்டிச் சிறு முற்றம். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் நடந்தது என்ன? வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளியது. மன்னர் ஐரோப்பா போனார், கண்டதைக் கட்டச் சொன்னார். பாரிஸில் படித்த கட்டடக்கலைஞர்கள் ஊர் திரும்பினார்கள். பழையது போய்ப் புதியது வந்தது. இந்த விடை கட்டடத்தின் முகத்தை மட்டும் பார்க்கிறது. வீட்டின் தரைப்படத்தை விரித்துப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. பாரசீக வீட்டைத் திருப்பிப் போட்டவை தெருக்கோடும் தண்ணீர்க் குழாயும் மனைவிதியும். ரசனை அவற்றின் பின்னால்தான் வந்தது.

இதை நிறுவப் பழைய வீடு எதனால் நின்றது என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். முற்றத்தின் வடக்குப் பக்கத்து அறைகள் தெற்கு நோக்கியவை; தாழ வரும் குளிர்கால வெயில் அவற்றுக்குள் ஆழமாகப் பாயும். பனிக்காலக் குடியிருப்பு அங்கே. தெற்குப் பக்கத்து அறைகள் வடக்கு நோக்கியவை. அங்கே கோடையிலும் நிழல், உயர்ந்த கூரை, திறந்த தாழ்வாரம், யஸ்து நகரமானால் காற்றை வாரி உள்ளே இறக்கும் பாத்கீர் கோபுரம், அடியில் குளிர்ந்த நிலவறை. கோடை பிறந்ததும் குடும்பம் கம்பளங்களையும் படுக்கைகளையும் சுருட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து மறுபக்கம் குடியேறும். குளிர் வந்ததும் திரும்பும். இன்ன அறை இன்ன வேலைக்கு என்ற நிரந்தர ஒதுக்கீடு இல்லை. துணி விரித்தால் சாப்பாட்டறை, படுக்கை விரித்தால் உறங்கும் அறை. கரிச்சட்டியின் மேல் தாழ்ந்த மேசை வைத்துக் கனத்த போர்வையைப் போர்த்தினால் கொர்ஸி. குடும்பம் முழுவதும் அதற்குள் கால் நீட்டி உட்காரும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. கதவைத் தாண்டினால் எட்டுக்கோண நுழைமண்டபமான ஹஷ்தி. அங்கிருந்து வளைந்து செல்லும் இடைகழி. ஒரு கிளை விருந்தினரை வரவேற்கும் பிரூனிக்கு, மற்றொன்று பெண்களும் குடும்பமும் வாழும் அந்தரூனிக்கு. ஆக, பகுதிகளைப் பிரித்தது அந்தரங்கமும் பருவமும். இரண்டுக்கும் முற்றம் நடுவில் இருந்தே தீரவேண்டும்.

ஐரோப்பிய ரசனைதான் இந்த அமைப்பைக் குலைத்தது என்றால், அது காஜார் மன்னர்களின் காலத்திலேயே குலைந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரான நாஸிருத்தீன் ஷா 1873-இல் முதன்முறையாக ஐரோப்பா சென்றார். அதற்கு முன்பே, 1867-இல், டெஹ்ரானின் கொலெஸ்தான் அரண்மனையில் ஐந்து அடுக்கு ஷம்சுல் இமாரா எழுந்துவிட்டது. அவர் அறிந்த ஐரோப்பா அதுவரை ஓவியங்களிலும் விவரணைகளிலும் வந்ததுதான். நகரத்தின் பழைய மதில் இடிக்கப்பட்டு, 12 வாயில்களோடு எண்கோண வடிவில் புதிய மதில் எழுந்ததும் அவர் காலத்தில். பிரபுக்களின் வீடுகளில் ஐரோப்பியத் தூண்கள், வெளியே தெரியும் அகன்ற படிக்கட்டு, சுவரில் பூச்சரம் தாங்கிய சுதைவேலை எல்லாம் வந்தன. ஆனால் அந்த வீடுகளின் தரைப்படத்தைப் பாருங்கள். அந்தரூனி இருக்கிறது, பிரூனி இருக்கிறது, நீர்த்தொட்டியோடு முற்றம் இருக்கிறது. காஷானின் வணிகர் வீடுகளிலும் இதே கதை. சுதையிலும் சுவரோவியத்திலும் மேற்கின் சாயல் தாராளமாகப் படிந்திருக்கிறது. உஸ்தாத் அலி மர்யம் போன்ற கொத்தனார்களின் கணக்கோ அசையவில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகள் ஐரோப்பிய ரசனை வீட்டின் தோலில் விளையாடியது, எலும்பைத் தொடவில்லை. இந்த ஒரு சான்றே ரசனைக் கோட்பாட்டைச் சந்தேகிக்கப் போதுமானது என்று நினைக்கிறேன்.

எலும்பைத் தொட்டது தெரு. 1925-இல் அரியணை ஏறிய ரெஸா ஷாவின் ஆட்சியில் நகரங்களின் நடுவே நேர்கோட்டுச் சாலைகள் வெட்டப்பட்டன. ஹமதானில் கார்ல் ஃப்ரிஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வகுத்த திட்டப்படி, வட்டச் சதுக்கம் ஒன்றிலிருந்து ஆறு சாலைகள் பழைய ஊரைப் பிளந்துகொண்டு புறப்பட்டன. டெஹ்ரானில் ராணுவ அதிகாரியான கரீம் ஆகா பூஸர்ஜொமெஹ்ரி நகராட்சித் தலைவராக இருந்து சாலைகளை அகலப்படுத்தினார். 1933-இல் தெருக்களை அமைப்பதற்கும் விரிவாக்குவதற்குமான சட்டம் வந்தது. வழியில் நிற்கும் மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரம் நகராட்சிகளுக்குக் கிடைத்தது. அதே பத்தாண்டுகளில் டெஹ்ரானின் மதிலும் ஓடு பதித்த வாயில்களும் இடிக்கப்பட்டன. சங்கேலஜ் என்ற பழம்பேட்டை தரைமட்டமாக்கப்பட்டு, பின்னாளில் அங்கே பூங்கா வந்தது. வீட்டுக்கு இதனால் என்ன நேர்ந்தது என்பதுதான் நம் கேள்வி. பழைய வீடு முட்டுச்சந்தின் உள்ளே இருந்தது. அந்தச் சந்து அதில் கதவு வைத்த வீட்டுக்காரர்களின் பொதுச் சொத்துப் போன்றது. புதிய சாலை பாதி வீட்டை அறுத்துக்கொண்டு போனபோது, எஞ்சிய பாதியின் உட்சுவர் தெருச்சுவரானது. ஹஷ்தி போயிற்று, வளைந்த இடைகழி போயிற்று; எங்கோ உள்ளே இருந்த முற்றம் தெருவிலிருந்து ஒரு சுவர் தூரத்தில் வந்து நின்றது. சாலையோர மனைக்கு இப்போது கடைவாடகை என்ற புதிய மதிப்பு. நகராட்சியும் சாலையைப் பார்த்து முகப்பு எழுப்பச் சொல்லி வற்புறுத்தியது. சன்னலும் மாடமும் தெருப்பக்கம் திரும்பின. அந்த வீட்டுக்காரர் நவீனத்தை விரும்பினாரா வெறுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1936 ஜனவரியில் ரெஸா ஷா பெண்களின் முகத்திரையைத் தடை செய்தார். அந்தரூனி என்ற பகுதியே பெண்களை மறைப்பதற்காக இருந்தது. மறைப்பு நீங்கியதும் அது பொருளிழந்தது. ஆகவே மாற்றத்தின் வேர் சமூகத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை என்று சொல்லலாம். பெண்களின் கல்வியும் வேலையும் குடும்பத்தின் அளவும் வீட்டை மாற்றின என்பதை மறுக்க முடியாது. ஆனால் முகத்திரைத் தடை 1941-இல் ரெஸா ஷா பதவி இழந்ததும் நடைமுறையில் தளர்ந்தது. திரும்ப முக்காடு போட்டவர்கள் ஏராளம். வீடு மட்டும் திரும்பவில்லை. முக்காடு அணிந்த பெண்கள் வாழ்ந்த, பக்தி மிகுந்த குடும்பங்களும் 1940-களிலும் 50-களிலும் தெரு நோக்கிய புதிய வீடுகளையே கட்டின. அந்தரங்கத்தைத் திரைச்சீலையாலும் பால்கண்ணாடியாலும் உயர்த்திக் கட்டிய மதிலாலும் காத்துக்கொண்டன. பண்பாடே காரணம் என்றால், பண்பாடு மாறாத குடும்பம் பழைய வீட்டையே கட்டியிருக்கும். அப்படிக் கட்டுவதற்கு உரிய மனையும் சந்தும் தண்ணீரும் அதற்குள் இல்லாமற்போயின.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டடக்கலை வரலாறுகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஈரானின் வறண்ட மேட்டுநிலத்தில் நகரங்கள் கனாத் என்ற நிலத்தடிக் கால்வாய்களை நம்பி வாழ்ந்தன. மலையடிவாரத்து ஊற்றுநீர் சரிவின் வழியே, எந்த விசையும் இன்றி, ஊர்வரை வரும். மேலே ஏற்ற முடியாது. ஆகவே தண்ணீர் இருக்கும் மட்டத்துக்கு வீடு இறங்கிப் போக வேண்டும். காஷானிலும் நாயினிலும் யஸ்திலும் முற்றங்கள் தெருமட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டப்பட்டது இதனால்தான். தோண்டிய மண்ணிலேயே பச்சைச் செங்கல் அறுத்தார்கள். குழியின் ஆழம் கோடையில் அறைகளைக் குளிர்வித்தது. தண்ணீரை முறைவைத்துப் பங்கிட மீராப் என்ற நீர்ப்பங்கீட்டாளர் இருந்தார். தன் முறை வரும்போது வீட்டுக்காரர் நிலத்தடித் தொட்டியை நிரப்பிக்கொள்வார். முற்றத்து நடுவே இருந்த ஹோஸ் என்ற குளத்தொட்டி அழகுக்காக வைத்ததென்று படத்தில் பார்ப்பவர் நினைப்பார்; கைகால் கழுவவும் பாத்திரம் துலக்கவும் செடிக்கு ஊற்றவும் அதுவே இருப்பு. சமையலறையும் கழிவறையும் முற்றத்தின் மூலைகளில் ஒதுங்கி நின்றதற்குப் புகையும் நாற்றமும் மட்டும் காரணமில்லை. தண்ணீர் முற்றத்தில் இருந்தது என்பதும் காரணம். இனி, 1950-களின் நடுவில் டெஹ்ரானில் கராஜ் ஆற்றுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வந்ததை நினைத்துப் பாருங்கள். அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு மட்டம் ஒரு பொருட்டில்லை, மாடிக்கும் ஏறும். ஆழக் குழி வேண்டியதில்லை, நிலத்தடித் தொட்டி வேண்டியதில்லை. சமையலறையும் குளியலறையும் கூரைக்குள் வந்தன. அடுத்து மண்ணெண்ணெய்க் கணப்பு வந்து கொர்ஸியின் இடத்தைப் பிடித்தது; தண்ணீரில் நனைந்த வைக்கோல் வழியே காற்றை ஊதும் உலோகக் குளிர்பெட்டி கூரைமேல் ஏறியதும் பாத்கீருக்கும் நிலவறைக்கும் வேலை போயிற்று. முற்றத்தில் மீந்தது செடியும் துணிக்கொடியும்தான்.

மூன்றாவது காரணம் மனைவிதி. டெஹ்ரானின் மக்கள்தொகை 1956 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம். 1976-இல் சுமார் 45 லட்சம். பெருமனைகள் வாரிசுகளுக்கிடையே பிரிந்து, ஒரே முற்றத்தின் குறுக்கே சுவர்கள் எழும்பிய காலம் அது. புதிய பகுதிகளில் நிலம் கட்டம் கட்டமாக அளக்கப்பட்டு நீளவாக்கில் குறுகிய மனைகளாக விற்பனைக்கு வந்தது. டெஹ்ரானில் நிலைபெற்ற விதி, மனையின் வடபகுதியில் 60 சதவீதத்தில் கட்டடம், தென்பகுதியில் 40 சதவீதம் திறந்தவெளி. தெரு எந்தப் பக்கம் இருந்தாலும் கட்டடம் வடக்கே ஒதுங்கித் தெற்கு வெயிலைப் பார்க்க வேண்டும். நியாயமான, சுகாதாரக் கண்ணோடு எழுதப்பட்ட விதி. ஆனால் பழைய வீட்டின் படத்தோடு இதை ஒப்பிடுங்கள். வடக்கே இருந்து தெற்கு நோக்கியது பனிக்காலப் பகுதி. விதி அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, கோடைக்கான தெற்குப் பாதியைச் சட்டப்படி வெற்றிடமாக்கிவிட்டது. ஆண்டு முழுவதும் பனிக்கால வீட்டில் குடியிருக்கும் நிலையில், கோடைக்கு இயந்திரம் தவிர வேறு வழி இல்லை. கட்டடம் இரண்டு பக்க மதிலையும் தொட்டு நின்றதால் காற்று குறுக்கே ஓடவும் இடமில்லை. நான்கு பக்கத்து அறைகளைத் தன்னைச் சுற்றி நிறுத்தியிருந்த முற்றம் ஒரு பக்கக் கட்டடத்தின் முன்வெளியானது. 1965-இல் அடுக்ககங்களின் தனித்தனி வீடுகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதும், ஒரே மனையின் மேல் பல குடும்பங்கள் உரிமையாளர்களாக அடுக்கப்பட முடிந்தது. அந்த முன்வெளியும் நாளடைவில் கார் நிறுத்துமிடமாயிற்று.

அப்படியானால் கட்டடக்கலைஞர்கள் எதுவும் செய்யவில்லையா? செய்தார்கள், அவர்கள் செய்ததை மதிக்கிறேன். 1928-இல் சுவிட்சர்லாந்தின் லா சராஸில் கூடிய நவீனக் கட்டடக்கலைஞர் பேரவையின் முதல் செயலாளரான கப்ரியேல் குவ்ரேகியான் 1933 முதல் 1937 வரை ஈரானில் இருந்து, அரசுக் கட்டடங்களோடு டெஹ்ரானின் செல்வர்களுக்கு வெள்ளைச் சதுர மாளிகைகள் சிலவற்றையும் கட்டினார். பாரிஸில் படித்துத் திரும்பிய வர்தான் ஹொவனேசியான் தெருமுனைகளை வளைத்துத் திருப்பும் அழகில் தேர்ந்தவர். முன்னாள் பிரதமரின் மகன் மொஹ்சென் ஃபொரூகி வங்கிக் கட்டடங்களிலும் பல்கலைக்கழகத்திலும் தன் கையெழுத்தைப் பதித்தார். 1940-இல் நுண்கலைக் கல்லூரி தொடங்கியது, ஆந்த்ரே கோதார் அதன் முதல் தலைவர். 1946-இல் 'ஆர்ஷிதெக்ட்' இதழ் வந்தது. ஆனால் இவர்களுடைய வீடுகள் எண்ணிக்கையில் மிகச் சில. அதே ஆண்டுகளில் அடமான வங்கி அரசு ஊழியர்களுக்காகக் கிழக்கு டெஹ்ரானில் 400 வீடுகளைக் கட்டியது. பெருந்திரளின் வீடு எப்படி இருக்கும் என்பதை அந்த வரிசைகள் முன்கூட்டியே காட்டின. பிறகு நகரத்தை நிரப்பிய ஆயிரக்கணக்கான வீடுகளைக் கல்லூரி வாசலை மிதிக்காத கொத்தனார்கள் கட்டினார்கள். ரே நகர ஆலையின் சிமென்ட்டும் இரும்பு உத்தரமும் அவர்கள் கைக்கு எட்டின. மனைவிதி அவர்களுக்கு வரைபடமானது. குவ்ரேகியான் ஈரானுக்கு வராமலே போயிருந்தாலும் நார்மக் வீடு பெரும்பாலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஈரானியக் கட்டடக்கலையின் ஐந்து கோட்பாடுகளைத் தொகுத்த மொஹம்மத் கரீம் பீர்னியா, உள்முகம் நோக்குதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவருடைய பெயரைச் சொல்லி, உள்நோக்கிய வீடு ஈரானிய ஆன்மாவின் வடிவம், அதை இழந்தது ஆன்ம இழப்பு என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. பீர்னியாவின் உழைப்பால்தான் நமக்குப் பழைய கொத்தனார்களின் சொற்களும் முறைகளும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கடன் பெரிது. ஆனால் காஸ்பியன் கடலோரத்துக் கீலான் மாகாணத்தைப் பாருங்கள். மழை கொட்டும் அந்த நாட்டில் வீடு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. சுற்றிலும் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், நெல்வைக்கோல் வேய்ந்த செங்குத்துக் கூரை, எல்லாப் பக்கமும் திறப்பு. அங்கே வாழ்பவர்களும் ஈரானியர்கள், அதே மதத்தினர், அதே குடும்ப ஒழுக்கம் கொண்டவர்கள். உள்நோக்குதல் வறண்ட மேட்டுநிலத்தின் வெயிலுக்கும் புழுதிக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் மனிதர் கண்ட விடை. அந்த நெருக்கடிகளை வேறு கருவிகள் தீர்த்தபோது விடையும் மாறியது.

பழைய வீட்டை நான் புகழ்வதாகவும் இதைப் படிக்கக் கூடாது. நமக்கு எஞ்சியிருப்பவை வணிகர்களின், நிலக்கிழார்களின் வீடுகள். ஏழைகள் ஒரே முற்றத்தைச் சுற்றி அறைக்கொரு குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பெரிய வீடுகளின் வசதி பணியாட்களின் முதுகில் நின்றது. அடிமை முறை ஈரானில் சட்டப்படி ஒழிந்ததே 1929-இல்தான். தெருவோரத் திறந்த வாய்க்காலில் ஓடி வந்து தொட்டியில் தேங்கிய நீர் காலராவையும் கொண்டுவந்தது. 1892-லும் 1904-லும் டெஹ்ரான் அதன் கொடுமையைக் கண்டது. குழாய்நீர் காப்பாற்றிய உயிர்களை மறந்து ஹோஸின் அழகைப் பாட எனக்கு மனம் வராது. நிலநடுக்கமும் உண்டு: 2003 டிசம்பரில் பாம் நகரில் 26,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பச்சைச் செங்கல் சுவர்கள் மண்ணாய்ப் பொடிந்து மூச்சை அடைத்தன. ஆனால் அதே நிலநடுக்கத்தில் சரியாகப் பற்றவைக்கப்படாத இரும்புச் சட்டகங்களும் உத்தரம் விலகிய செங்கல் வளைவுக் கூரைகளும் சரிந்தன என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நவீனப் பொருள் தானாகப் பாதுகாப்பைத் தந்துவிடவில்லை. அந்தப் பொருளுக்குரிய கணக்கும் மேற்பார்வையும் எல்லா இடத்துக்கும் அதோடு சேர்ந்து வரவில்லை.

தெருவும் குழாயும் விதியும் மாற்றின என்று சொல்லும்போது, எல்லாம் அழிந்தது என்று சொல்லவில்லை. புதிய வீட்டின் நடுவில் அறைகள் எல்லாம் வந்து திறக்கும் ஹாலைக் கவனியுங்கள். கூரை மூடிய முற்றம் அது; ஆட்களைப் பங்கிட்டு அனுப்பும் வேலையை அதுவே செய்கிறது. நல்ல கம்பளமும் நல்ல நாற்காலிகளும் போட்டு, குடும்பத்தார் அன்றாடம் நுழையாமல் விருந்தினருக்காகக் காத்திருக்கும் வரவேற்பறை பிரூனியின் வாரிசு. நார்மக்கின் நூறு சிறு சதுக்கங்களில் மரநிழலும் பிள்ளைகளின் விளையாட்டும் வீட்டுக்கு வெளியே பொதுவாக வைக்கப்பட்டன. வீடு தன்னால் வைத்துக்கொள்ள முடியாதவற்றில் சிலவற்றை நகரத்திடம் ஒப்படைத்தது எனலாம். நகரம் எவ்வளவு தூரம் அவற்றைக் காத்தது என்பது வேறு கேள்வி.

விதியை வேறு மாதிரி எழுதியிருந்தால் வேறு வீடு வந்திருக்குமா? வந்திருக்கும் என்பதற்குக் கையில் ஒரு சான்று உண்டு. கூஸெஸ்தான் மாகாணத்தில் கரும்பு ஆலைத் தொழிலாளர்களுக்காக 1970-களின் நடுவில் கம்ரான் தீபா ஷுஷ்தார்-எ-நோ என்ற புதுநகரைத் தொடங்கினார். குழாய்நீர், மின்சாரம், கார் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே, செங்கல்லால் தாழ்ந்த வீடுகளை முற்றங்களைச் சுற்றி நெருக்கமாக அடுக்கினார். நடைபாதைகளைக் காரிலிருந்து பிரித்தார். மொட்டைமாடியில் பிறர் கண் படாமல் உறங்கத் துளையிட்ட செங்கல் சுவர் வைத்தார். அறைகளுக்குக் குறிப்பிட்ட வேலை விதிக்கவில்லை. 1986-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது. ஒரே கையில் நிலமும் விதியும் பணமும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று என்பது உண்மை. புரட்சியும் ஈராக் போரும் குறுக்கிட்டதால் அது முழுமையடையவில்லை என்பதும், போரில் வீடிழந்தவர்கள் அங்கே வந்து குடியேறியதால் நினைத்த வாழ்க்கை அங்கே நடக்கவில்லை என்பதும் உண்மை. இருந்தும், முற்றமும் குழாயும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்ற வாதம் அங்கே உடைகிறது. டெஹ்ரானோ எதிர்த்திசையில் போனது. 1989-க்குப் பின் அங்கே நகராட்சி, கூடுதல் தளம் கட்டும் அனுமதியையே விலைக்கு விற்றுத் தன் வருவாயைத் தேடத் தொடங்கியது. அந்த விற்பனை 60 சதவீதக் கணக்கை எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.